பழைய தூசி

உலகத்தின் தெற்குக் கோடியில், ஏவன்டேலில், அந்த வருஷம் செப்டம்பரில் வசந்தம் வந்துவிட்டதாகக் காலண்டர் மட்டும்தான் சொன்னது. காலையில் ஒரு மழை, மத்தியானம் கண் கூசும் வெயில், அதை நம்பித் துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொரு மழை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் றொபேட் என்பவர் வாடகைக்கு விட்டிருந்த வீடு. அதன் பின்னால் தகரக்கூரை போட்ட கேரேஜுக்குள் உட்கார்ந்து பழனிவேல் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கூரையில் மழைச் சத்தம், பலகையில் சுத்தியல் சத்தம். ரயில் போகும்போது இரண்டும் கேட்காது.

ஆணி என்றால் கதவுக்கும் கட்டிலுக்கும் அடிக்கிற ஆணி இல்லை. தலையில்லாத, குண்டூசியைவிடக் கொஞ்சம் தடித்த பித்தளை ஆணி. ஒரு பிடி அள்ளி உதட்டில் இடுக்கிக்கொள்வான். நாக்கால் ஒன்றை முன்னே தள்ளி, விரலால் வாங்கி, பென்சில் புள்ளியில் நிறுத்தி, பலமாக இரண்டு தட்டு, மெதுவாக ஒரு தட்டு. வாய் நிறைய ஆணி இருப்பதால் பேச்சுக்கு வழியில்லை. மூக்கால் ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டே இருப்பான். என்ன பாட்டு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பாதியில் ஓரிடத்தில் சுருதி விட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். தச்சு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

காலடியில் பாய் விரித்து மகள் மஹதி உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது. அம்மா பூங்கோதை நியூ லின்னில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ், விடிந்ததும் போய்விடுவாள். டே கேருக்கு அனுப்பக் கட்டுப்படியாகாது. ஆகவே அப்பாவோடு கேரேஜ்தான். பலகையில் ஓடவிடுகிற சின்ன இரும்புக் குண்டுகளை உருட்டுவாள், மரச்சுருளைக் காதில் மாட்டிக்கொள்வாள். சில நாள் தானும் உதட்டைக் குவித்து, ஒரு மரத்துண்டால் தரையைத் தட்டி, மூக்கால் பாடுவாள். அதைப் பார்த்துப் பழனிவேல் சிரிக்கப் போய் வாயிலிருந்த ஆணியெல்லாம் சிதறி வேலை கெட்டதும் உண்டு. ஒருநாள் போனில் படம்பிடித்து மாமியாருக்கு அனுப்பினான். அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று பதில் வந்தது. அன்றைக்கு முழுக்க அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் செய்துகொண்டிருந்தது பின்பால் பலகை. பின்பால் என்றால் இப்போது எல்லோருக்கும் விளக்கு மின்னி, மணி அடித்து, பொத்தானை அழுத்தினால் குண்டை எத்தித் தள்ளுகிற பெரிய மெஷின்தான் நினைவுக்கு வரும். இது அதற்கெல்லாம் முந்தியது. மின்சாரம் கிடையாது. மேஜைமேல் வைக்கிற சரிந்த மரப்பெட்டி, மேலே கண்ணாடி, வலது ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த குமிழ், அவ்வளவுதான். குமிழை இழுத்து விட்டால் குண்டு உச்சிக்கு ஏறி, ஆணிகளுக்கு நடுவில் முட்டி மோதி இறங்கி, எண் எழுதிய ஏதாவது ஒரு குழியில் விழும். இல்லாவிட்டால் நேரே அடிக்குப் போய்ச் சேரும். விட்ட குண்டை அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உண்மையான பழைய பலகை றொபேட்டின் கைக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். றொபேட் மன்னார்க்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. செத்துப்போனவர்களின் வீடுகளைக் காலி செய்து கொடுப்பதும், கிடைத்த சாமானை ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் விற்பதும் அவர் தொழில். அப்படிக் காலி செய்த ஒரு வீட்டின் நிலவறையில் கிடந்தது அந்தப் பலகை. துறைமுகமும் கலங்கரை விளக்கமும் வரைந்து, மேலே ‘ஹார்பர் லைட்ஸ்’ என்று எழுதியிருந்தது. சந்தைக்குப் போவதற்கு முன்பே டவுனில் பார் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் சொல்லக் கேட்டு, தங்களுக்கும் வேண்டுமென்று இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இல்லை என்று சொல்ல றொபேட்டுக்கு மனம் வரவில்லை.

அப்போது பழனிவேல் வேலை போய் உட்கார்ந்திருந்தான். சமையலறை அலமாரி செய்யும் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது இவனையும் குறைத்துவிட்டார்கள். பூங்கோதையின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன், வீட்டில் சும்மா இருக்கக் கூச்சம். றொபேட் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

“தம்பி, அடிப்பக்கத்தைப் பாரும். ஒருத்தன்ர பேரைச் சீவிப்போட்டு இன்னொருத்தன் தன்ர பேரைச் சூடு வச்சிருக்கிறான்.”

அவர் அதைப்பற்றிப் படித்து வைத்திருந்தார். அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் ஒருவன் ஒரு பலகை போட்டு நன்றாக ஓடினால், அடுத்த மாதமே ஊரில் உள்ள கொட்டகையிலெல்லாம் அதே பலகையைச் செய்து பேரை மட்டும் மாற்றி விற்பார்களாம். கப்பலில் வந்த ஒன்றைப் பார்த்து இங்கே யாரோ அதே வேலையைச் செய்திருக்கிறான் என்பது அவர் ஊகம்.

“அப்ப இதுவே கொப்பிதான். கொப்பிக்குக் கொப்பி அடிக்கிறதில என்ன பாவம் வரப்போகுது, சொல்லும் பாப்பம்.”

பழனிவேல் பாவத்தைப்பற்றி யோசிக்கவில்லை. அவன் கண் ஏற்கெனவே ஆணிகளை எண்ண ஆரம்பித்துவிட்டது. பார்காரர் வந்து எடுத்துப் போவதற்குள் காகிதம் வைத்து ஒவ்வொரு ஆணியையும் படி எடுத்தான். உச்சிக் குழிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றது. அதனால் அதிக எண் உள்ள அந்தக் குழிக்குள் குண்டு லேசில் விழாது. முதலில் செய்தவனின் கை நழுவியதோ, வேண்டுமென்றே வைத்ததோ, அவனைக் காப்பியடித்தவனும் அதை அப்படியே வைத்திருந்தான். அதைத் திருத்திவிடலாமே என்றார் றொபேட்.

“வேணாம்ணே. தப்பையும் சேத்து எடுத்தாத்தான் அசலு மாதிரி இருக்கும்” என்றான் பழனிவேல்.

றொபேட் அவன் முதுகில் தட்டினார். கெட்டிக்காரன் என்று எல்லோரிடமும் சொன்னார். வீட்டு வாடகையில் கொஞ்சம் தள்ளிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்.

பலகை செய்வது பெரிய காரியமில்லை, அதைப் பழசாக்குவதுதான் காரியம். அது பழனிவேலுக்குத் தண்ணீர்பட்ட பாடு. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறையில் பத்தொன்பது வயதிலிருந்து வேலை செய்தவன். நேற்று அறுத்த மரத்தை அங்கே செட்டியார் வீட்டுப் பழைய அலமாரியாக்கி அனுப்புவார்கள். சாயம் பூசிப் பழசாக்கினால் கண் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான், இடிந்த வீட்டுத் தூசியையே எடுத்துப் பூச வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். அந்த வழக்கத்தை அவன் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான்.

பக்கத்துப் பேட்டையான சான்ட்ரிங்ஹாமில் மர வீடுகளுக்கு மறு பெயின்ட் அடிக்கும் ஒருவர் றொபேட்டுக்குப் பழக்கம். நூறு வருஷ வீடுகள். சுரண்டி எடுத்த பழைய பெயின்டைச் சாக்கில் கட்டி வைத்திருப்பார். அதைக் குப்பையில் போடுவதற்கே விதிமுறை இருக்கிறது, இவர்கள் கேட்டதும் அவர் மறுப்பு சொல்லாமல் தள்ளிவிட்டார். தரும்போது ஒரு வார்த்தை மட்டும் சொன்னார், முகமூடி போட்டுக்கொள், இது நல்லதில்லை என்று. அவரே தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றார். பச்சை மிளகாய் நறுக்கவே கையுறை தேடுகிற ஆட்கள் என்று திரும்பும் வழியில் பழனிவேல் சிரித்தான். றொபேட்டும் சிரித்தார்.

ஊரிலிருந்து கொண்டுவந்து, இங்கே ஜார் விரிசல் விட்ட ஒரு மிக்ஸி கேரேஜில் கிடந்தது. அதில் பெயின்ட் செதில்களைப் போட்டு அரைப்பான். துணியில் சலித்து, எண்ணெயும் அரக்கும் கலந்து, உள்ளங்கையால் மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பான். புதுப் பித்தளை ஆணி பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அந்தப் பொடியோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குவான். மங்கிப்போன ஆணியை எடுத்து வாயில் இடுக்கிக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிடுவான். நாக்கில் லேசாக இனிக்கும். அவனுக்கு வயிற்றில் அவ்வப்போது சுருக்கென்று பிடிக்கும், தலை கனக்கும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பிள்ளைக்கு முதலில் சாப்பாடு குறைந்தது. பருப்பு சாதத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். மலம் கட்டி, வெளிக்குப் போக அழுவாள். கடைவாய்ப்பல் முளைக்கிறது, ஜலதோஷம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாள் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொன்னார்கள். அப்புறம் பேச்சு. ரயில் போனால் “அப்பா, ஒன் மோர் டிரெயின் வருது” என்று இரண்டு மொழியையும் கலந்து கத்துகிற பிள்ளை, விரலை மட்டும் நீட்டிக் காட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் விரலையும் நீட்டவில்லை. ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

பூங்கோதைக்குப் பயம் பிடித்துவிட்டது. ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். அவள் அம்மா புதுக்கோட்டையில் ஒரு வைத்தியரிடம் வாங்கி யாரோ வருகிறவரிடம் கொடுத்தனுப்பிய செந்தூரப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். நர்ஸ்தான், இதெல்லாம் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவள்தான். தன் பிள்ளை சுருண்டு கிடக்கும்போது படிப்பு எங்கே நினைவுக்கு வருகிறது. அதற்கும் கேட்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். மறுநாளே போன் வந்தது. பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது, சுகாதார அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்க்க வருவார்கள் என்றார்கள்.

ஈயம் என்ற சொல்லைக் கேட்டதும் பழனிவேலுக்குப் பழைய பெயின்ட் கட்டிய சாக்குதான் கண்முன் வந்தது. வெள்ளை உடுப்பு மாட்டிய பெயின்டரும் கண்முன் வந்தார், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று எப்போதோ காதில் விழுந்ததும் நினைவுக்கு வந்தது. அப்படி இருக்காது என்று உடனே சொல்லிக்கொண்டான். தொழுகிறவன் மந்திரம் சொல்வது போல அன்றைக்குப் பூராவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த பெண்மணி நல்லவர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார், மஹதியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இந்திய வீடுகளில் பெரும்பாலும் சமையலறையிலும் சாமி அலமாரியிலும்தான் ஈயம் கிடைக்கிறது, யார்மேலும் குற்றமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மஞ்சள்பொடி, குங்குமம், கண்மை, ஊர் மருந்து எல்லாம் கேட்டார். பூங்கோதை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். கடைசியாகச் செந்தூரப் புட்டியை வைத்தாள். அந்த அம்மாள் மற்றதிலெல்லாம் ஒவ்வொரு சிட்டிகை எடுத்துக்கொண்டு, புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தனிப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். செங்கல் வீடு, அவ்வளவு பழசில்லை, சுவரில் கருவி வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். வீட்டில் யாராவது பெயின்ட் வேலை, மர வேலை செய்வதுண்டா என்று கேட்டார். இல்லை என்றான் பழனிவேல். ஜன்னல் வழியாகக் கேரேஜைக் காட்டினார்.

அது வீட்டுக்காரர் சாமான் போட்டு வைத்திருப்பது, பூட்டியிருக்கிறது, சாவி எங்களிடம் இல்லை என்று பழனிவேல் இங்கிலீஷில் சொன்னான். சாவி அவன் கால்சட்டைப் பையில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. பூங்கோதை அவனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

கார் கிளம்பிய பிறகுதான் பூங்கோதை கேட்டாள்.

“கேரேஜப் பத்தி ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

“றொபேட் அண்ணன் வேலை வெளிய தெரிஞ்சா வம்பு. நம்ம ரெசிடென்ஸ் விசாவுக்கு வேற போட்டுக் கெடக்கு. இந்த நேரத்துல எதுக்கு?”

ஆமா என்று தலையாட்டினாள். பலகையைப் பழசாக்கி விற்பது யோக்கியமான வேலையில்லை என்று அவளுக்குத் தெரியும். எதைப் பூசிப் பழசாக்குகிறான் என்று தெரியாது. அவள் யோசனையெல்லாம் செந்தூரப் புட்டியோடு போய்விட்டது.

அன்று சாயங்காலம் சமையலறையைக் காலி செய்தாள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, பெருங்காயம் எல்லாம் குப்பைக்குப் போனது. கல்யாணத்தன்று கொடுத்த குங்குமச் சிமிழைக் கழுவித் துடைத்து அலமாரி உச்சியில் கவிழ்த்து வைத்தாள். நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், அதற்கப்புறம் பொட்டே வைக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினாள். அந்தப் பக்கம் அம்மா அழுத அழுகை பக்கத்து அறைவரை கேட்டது. போனை வைத்துவிட்டு வந்து, சப்பென்று வேகவைத்த உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

“நாந்தாங்க. என் பிள்ளைக்கு நானே வெஷத்தத் தேன்ல கொழச்சு ஊட்டியிருக்கேன்.”

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பழனிவேல் பக்கத்தில்தான் நின்றான். அவள் முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு, உதட்டில் ஆணி இடுக்கியவன் போல வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். வெட்கங்கெட்ட மனசு, செந்தூரமாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. வேண்டிக்கொண்டதை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் றொபேட்டைத் தேடிப் போனான். சந்தைக்குக் கட்டிய சாமான்களுக்கு நடுவில் அவர் பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு பேசத் தொடங்கினார்.

“மருந்துப் போத்திலை அவையள் கொண்டு போயிட்டினம்தானே. அதுக்குள்ளதான் இருக்கும் தம்பி. எத்தினை பிள்ளையளுக்கு அந்த ஊர் மருந்தால வந்ததெண்டு நான் கேள்விப்பட்டிருக்கிறன்.”

“அந்தச் சாக்கு...”

“சாக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும். அடுத்து வாற லேபர் வீக்கென்ட் லீவுக்கு நாலு பலகை குடுக்கிறனெண்டு நான் வாய் விட்டிட்டன். அதை முடிச்சுத் தாரும். முடிச்சிட்டு ஒரு பொட்டு இல்லாமல் துடைச்சு எல்லாத்தையும் எறிஞ்சிடுவம். அதுவரைக்கும் பிள்ளையை உள்ள விடாதையும். கதவைப் பூட்டும், கையை வடிவாக் கழுவும்.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “இப்ப போய்ச் சொன்னீரெண்டால், எங்க சுரண்டின பெயின்ட், எதுக்குப் பூசினது, ஆருக்கு வித்தது எண்டு எல்லாம் கேப்பினம். உம்மட ரெசிடென்ஸும் போகும், என்ர பேரும் போகும். பிள்ளைக்கு என்ன வைத்தியமோ அதை அவையள் எப்பிடியும் செய்வினம். யோசிச்சுப் பாரும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பழனிவேலுக்குப் பட்டது. எது பட வேண்டுமோ அது படும். போகும்போது பிள்ளைக்கென்று றொபேட் ஒரு பை நிறைய மீன் அடைத்த மாலுபாண் கொடுத்தார், சாப்பிடாத பிள்ளைக்கு.

அதன்பிறகு கேரேஜ் பூட்டியே இருந்தது. மஹதியை வீட்டில் டிவி முன் உட்கார வைத்துவிட்டு அவன் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வான். அரை மணிக்கொரு தரம் ஓடிவந்து எட்டிப் பார்ப்பான். அவள் டிவி பார்க்க மாட்டாள், பின்கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கேரேஜையே பார்த்துக்கொண்டிருப்பாள். கையை இரண்டுதரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவளைத் தூக்குவான். சட்டையை மாற்றத் தோன்றவில்லை. மேல்பையில் எப்போதும் மிச்ச ஆணி நாலைந்து கிடக்கும், அதுவும் பழக்கம்தான். ஆணியைக் கீழே போட்டால் காலில் குத்தும் என்று காரைக்குடியில் சொல்லிக்கொடுத்தது. அவன் மடியில் ஏறியதும் மஹதி அந்தப் பைக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். உடம்பு சரியில்லாத பிள்ளை, எதையாவது பிடித்துக்கொண்டு தூங்கட்டும் என்று விட்டுவிடுவான். ஆணிகள் குறைவதை அவன் கவனிக்கவில்லை, பலகையில் அடித்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டான்.

ஆயுத பூஜை வந்தது. போன வருஷம் சுத்தியல், ரம்பம், காரின் ஸ்டீயரிங் வரைக்கும் பூங்கோதை பொட்டு வைத்திருந்தாள். இந்த வருஷம் பொட்டு வைக்கலாமா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அந்தச் செவப்பு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது” என்றாள்.

சாமி படத்துக்கு முன்னால் இரண்டு வாழைப்பழமும் பொட்டுக்கடலையும் மட்டும் வைத்தாள். கழுவித் துடைத்து அடுக்கி வைத்த சுத்தியலும் உளியும் நெற்றி வெறுமையாகக் கிடந்தன. எடுத்துக்கொண்டு போய்க் கேரேஜில் வைத்துவிட்டான்.

நாலாவது பலகையை அவன் முடித்துக்கொண்டிருந்த நாளில் சுகாதார அலுவலகத்து அம்மாள் பூங்கோதையை வேலையிடத்தில் போனில் கூப்பிட்டார். மஞ்சளில் ஒன்றுமில்லை, குங்குமத்தில் ஒன்றுமில்லை. செந்தூரத்திலும் இவ்வளவுக்குக் காரணமாகச் சொல்லும்படி எதுவுமில்லை. ஆனால் இரண்டாவது தடவை எடுத்த ரத்தத்தில் ஈயம் இன்னும் ஏறியிருக்கிறது. இப்போதும் பிள்ளை எங்கிருந்தோ விழுங்கிக்கொண்டிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்றார்.

பழனிவேல் பிள்ளையோடு போய், நியூ லின்னில் பூங்கோதையை ஏற்றிக்கொண்டு டவுனை நோக்கிக் காரை ஓட்டினான். மழை சாத்திக்கொண்டு பெய்தது. பின் சீட்டில் பிள்ளையை அணைத்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

“அப்ப எங்கேருந்துங்க?”

அடுத்த சிக்னலில் நிற்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சிக்னல் பச்சையாகவே இருந்தது. அதற்கடுத்ததில் நின்றான். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, பொட்டில்லாத நெற்றி. இத்தனை நாள் அவள் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தபோது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இப்போது எந்த வாயால் சொல்வது. பின்னாலிருந்த கார்க்காரன் ஹார்ன் அடித்தான். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளப்பினான். அவள் திரும்பக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்றைக்கே சேர்த்து மருந்தைத் தொடங்க வேண்டும், போன பேச்சு எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். சின்ன வயதுப் பெண், கண்ணைப் பார்த்துப் பேசினார். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிற வயிற்றுக்குள் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். பழைய பெயின்டை விழுங்கினால் இப்படித் தெரியும் என்றார். புள்ளிகளுக்குக் கீழே வேறு என்னவோ இருந்தது. குட்டையாக, நேராக, பளிச்சென்று மூன்று கோடுகள்.

இவை உலோகம், ஊசியோ ஆணியோ தெரியவில்லை, வீட்டில் இப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். பூங்கோதை புரியாமல் திரையையே பார்த்தாள். பழனிவேலின் கை சட்டையின் மேல்பைக்குப் போனது.

அம்மா மடியிலிருந்த மஹதியும் திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரு சத்தம் போடாத பிள்ளை. திரையைப் பார்த்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி. உதட்டைக் குவித்து இறுக்கிக்கொண்டாள். நாக்கால் எதையோ முன்னே தள்ளி, இரண்டு விரலால் வாங்கி, கட்டில் விளிம்பில் நிறுத்தினாள். பொத்திய கையால் பலமாக இரண்டு தட்டு, மெதுவாக ஒரு தட்டு. மூக்கால் பாடினாள். பழனிவேல் எந்த இடத்தில் சுருதி விடுவானோ அந்த இடத்தில் அவளும் விட்டாள், விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

டாக்டருக்கு விளங்கவில்லை. பூங்கோதைக்கு விளங்கியது. அவள் கத்தவில்லை. பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்க.”

கொடுத்தான். வாங்குவதற்கு முன் மேஜையிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி, அதில் பிடித்துத்தான் சாவியை வாங்கினாள். அப்படியே டாக்டர் முன்னால் வைத்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு கேரேஜ் இருக்கிறது, இன்றைக்கே ஆளை அனுப்பிப் பாருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். குரல் உடையவே இல்லை. பழனிவேல் பிள்ளையைத் தொடக் கையை நீட்டினான்.

“தொடாதீங்க” என்றாள்.

உடம்பில் உடையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் அவனைக் கேட்டார். சட்டையின் மேல்பையை வெளியே இழுத்துக் கவிழ்த்தான். கட்டிலில் விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தில் இரண்டு ஆணியும் ஒரு சிட்டிகைத் தூசியும் விழுந்தன.

மஹதி அம்மாவின் பிடியிலிருந்து எட்டி, அவற்றைத் தருமாறு கையை நீட்டினாள். வாயைத் தயாராகக் குவித்து வைத்திருந்தாள்.